விழாத பனிச்சரிவு

1

போன மாதம் இங்கே டென்மார்க்கில், பிரெடெரிசியாவில், ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. மண்டபம் நிறையச் சனம். நான் வடையும் சட்னியும் போட்ட கடதாசித் தட்டோடு கதிரை தேடிக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலை கட்டிய ஒரு மனிசி, பெயர் வேண்டாம், பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த தன் பையைத் தூக்கி எனக்கு இடம் தந்தார். நல்ல மனசு என்று நினைத்து இருந்தேன். ஒரு வடை முடியவில்லை.

"ஆரணியின்ர அம்மா எல்லோ நீங்கள்? அந்த நோர்வே அலுவல் கேள்விப்பட்டனான். பனிக்குப் பயந்து கலியாணத்தையே குழப்பிப்போட்டாவாம். கடைசியில ஒண்டும் விழேல்லைத்தானே அக்கா?"

இந்தக் கேள்வியை ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோயிலில் கேட்டிருக்கிறேன், தமிழ்க்கடையில் கருவேப்பிலை எடுக்கும்போது கேட்டிருக்கிறேன், லண்டனில் இருக்கும் என் சொந்தத் தங்கச்சியின் வாயால் ரெலிபோனில் கேட்டிருக்கிறேன். எல்லோரும் தலையை ஒரு பக்கம் சரித்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல்தான் கேட்கிறார்கள். ஒன்றும் விழவில்லைத்தானே. ஓம், விழவில்லை. விழுந்திருந்தால் உங்களுக்குச் சந்தோசமோ என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வரும். அன்றைக்கும் வந்தது. பிள்ளைக்குச் சடங்கு நடக்கிற இடத்தில் வாயைத் திறந்து அசிங்கப்படக்கூடாது என்று வடையை அடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் என் மனிசனிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல, "விடுமப்பா, சனம் கதைக்கும்" என்றார். விட முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கும் இந்தக் கதை ஏற்கெனவே ஒரு கையும் காலும் வைத்து வந்து சேர்ந்திருக்கும். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், பிறகு நீங்கள் என்னவும் நினையுங்கள்.

2

முதலில் ஒன்று. டென்மார்க்கில் மலையே இல்லை. நான் இருக்கிற ஹோர்சன்சில் சைக்கிளில் ஏற மூச்சு வாங்கும் ஒரு மேடு இருக்கிறது. அதற்கே இந்தச் சனம் மலை என்று பெயர் வைத்திருக்கும். மலையில்லாத நாட்டுக்காரர் என்பதாலோ என்னவோ, மலையென்றால் இவர்களுக்கு ஒரு பைத்தியம். பெப்ரவரியில் ஏழாம் வாரம் பள்ளிக்கூட விடுமுறை. இங்கே மாதத் திகதி சொல்லமாட்டார்கள், வருடத்தின் எத்தனையாவது வாரம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஏழாம் வாரம் வந்தால் பாதி நாடு காருக்கு மேலே பனிப்பலகைகளைக் கட்டிக்கொண்டு கப்பலேறி நோர்வேக்குப் போய்விடும்.

என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். இருபத்தெட்டு வயது. வயோதிபர் இல்லத்தில் நான் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டி முறித்துக்கொண்ட முதுகைத் தடவித் தடவித்தானோ என்னவோ, அவள் உடற்பயிற்சி வைத்தியம் படித்தாள். பள்ளிக்கூடம் முடிந்த வருடம் நோர்வேயில் ஒரு விடுதிப் பள்ளிக்குப் போகப்போகிறேன் என்றாள். பரீட்சையும் இல்லை, சேட்டிபிக்கட்டும் இல்லை, மலை ஏறப் பழக்குவார்கள். ஒரு வருடத்தை வீணாக்குகிறாள் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் எனக்காகக் கவலைப்பட்டார்கள். நானும் பட்டேன்.

அவள் போய் வந்தபிறகு வேறு பிள்ளை. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வது முன்பும் இருந்ததுதான். இப்போது அந்தப் பதிலுக்குள் எனக்குத் தெரியாத சாமான்கள் வந்தன: காற்று எந்தப் பக்கம் அடித்தது, பழைய பனி எப்படி இருக்கிறது, சரிவு எத்தனை பாகை. இவள் போகிற இடம் ஆட்கள் டிக்கட் எடுத்துச் சறுக்குகிற இடமில்லை. பாதையே இல்லாத மலை. அங்கே பனி அப்படியே ஒரு பாளமாகப் பிய்ந்து வந்து ஆளை மூடிவிடுமாம். பிறகு அது சீமெந்துபோல் இறுகிவிடுமாம்.

"அப்ப ஏன் போறாய்?" என்றேன்.

"அதைப் பாக்கத்தான் படிச்சனான் அம்மா," என்றாள்.

எனக்கு விளங்கப்படுத்த அவள் எடுத்தது என்னுடைய குசினிச் சாமானைத்தான். ஒரு தட்டில் சீனியைப் பரப்பி, அதன்மேல் நான் சுட்ட ரொட்டியை வைத்துத் தட்டைச் சரித்தாள். ரொட்டி சறுக்கி மேசையில் விழுந்தது. கீழே இருக்கிற பழைய பனி சில நேரம் இந்தச் சீனி மாதிரி ஒட்டாமல் உதிர்ந்துபோய்விடுமாம். காற்று கொண்டுவந்து கொட்டுகிற புதுப்பனி அதன்மேல் ரொட்டி மாதிரி இறுகும். ஆள் போய் மிதித்தால் போதும். சில நேரம் சரிவில் ஏறவும் தேவையில்லை, அடிவாரத்தில் நடந்தாலே மேலே வெடித்து இறங்கும். மேசையைத் துடைத்தது நான்தான், ஆனால் விளங்கிவிட்டது.

இன்னுமொன்றும் சொன்னாள். மலைக்குப் போகிற அவர்களுடைய கூட்டத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறதாம். யாராவது ஒருவர் "நை", வேண்டாம் என்று சொன்னால் எல்லோரும் திரும்பவேண்டும். மூத்தவன், இளையவன், தெரிந்தவன், தெரியாதவன் பேச்சில்லை. ஏன் என்று கேட்கவும் கூடாது. காரணம் கேட்டால் காரணம் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு வந்து எல்லோரோடும் சேர்ந்து சாவான் என்றாள்.

எனக்கு அது அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது. என்னுடைய இருபத்திரண்டாவது வயதில், ஒரு படத்தைக் காட்டி, டென்மார்க் மாப்பிள்ளை என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேறு யாரும் மனசில் இல்லை, படத்தில் இருந்தவருக்குக் கண் மூக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. காரணம் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். வந்த மனிசன் நல்லவர், முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திவிட்டோம். ஆனால் அன்று நான் சொன்ன சொல் எங்கே போய் விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

3

மாப்பிள்ளையின் பெயர் பிரதீபன். கோப்பன்ஹேகனில் கணக்கு வேலை. தகப்பன் இல்லை, தாய்தான் தனியே நின்று வளர்த்தவர். ஆரணியும் அவனும் தாங்களாகவே கண்டு பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு மறுப்பில்லை. கெட்ட பிள்ளை என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அதுதான் எனக்கு வயிறெரிகிறது. கெட்டவன் என்றால் ஒரு சொல்லோடு முடித்துவிடலாம்.

எங்கள் ஆட்களுக்குள் இப்போது ஒரு புது வருத்தம் பரவியிருக்கிறது. முந்தியெல்லாம் கலியாணமென்றால் பொன்னுருக்கு, கன்னிக்கால், தாலி. இப்போது அதற்கெல்லாம் முதல் "அவுட்டோர்" படம் எடுக்கவேண்டும். ஒருவர் பிள்ளைகளைச் சுவிசுக்குக் கூட்டிப்போய் ஏரிக்கரையில் எடுத்தால் அடுத்தவர் ஐஸ்லாந்துக்குப் போய் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிறுத்துவார். தாலி கட்டும்போது சாப்பாட்டு மண்டபத்தில் வரிசையில் நிற்கிற சனம், திரையில் ட்ரோன் படம் ஓடினால் மட்டும் ஓடிவந்து பார்க்கும். பிரதீபனின் தாய்க்குப் பனி வேண்டும். பொம்பிளைக்குச் சிவப்புக் காஞ்சிபுரம், மாப்பிள்ளைக்கு நீலக் குர்தா, சுற்றிவரக் கால் தடமில்லாத வெள்ளை. டென்மார்க்கில் விழுகிற பனி மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். ஆகவே நோர்வே.

போன வருடம் ஏழாம் வாரம் ஆறு பேர் போனோம். நாங்கள் மூன்று பேர், பிரதீபன், தாய், பாரிசில் இருந்து வரவழைத்த ஒரு படக்காரத் தம்பி. மலையடிவாரத்தில் ஒரு மரவீடு வாடகைக்கு. இரண்டு நாள் வெளியே தலைகாட்ட முடியாமல் காற்றும் பனியும். மூன்றாம் நாள் விடிய வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலம். படக்காரத் தம்பி யன்னலால் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, லைட்டைப் பாருங்கோ!" என்று கத்தினான்.

ஆரணி போனில் மலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று முதல் ஐந்து வரைக்கும் ஆபத்துக்கு எண் போடுவார்கள்.

"இண்டைக்கு மூண்டு," என்றாள்.

"அஞ்சுக்கு மூண்டு எண்டால் பாஸ்தானே பிள்ளை?" என்றார் பிரதீபனின் தாய்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எங்கள் சனத்துக்கு எண்ணைக் கண்டால் அது புள்ளி, புள்ளியென்றால் பாதிக்கு மேல் எடுத்தால் போதும். ஆரணி மட்டும் சிரிக்கவில்லை. "மாமி, இது சோதினை மார்க் இல்லை. நாலு, அஞ்சு எண்டால் ஒருத்தரும் வெளிய போகாயினம். மூண்டிலதான் வானம் நீலமா இருக்கும், எல்லாரும் போவினம், சாவினம்," என்றாள்.

"காலமையில என்ன கதை இது," என்று தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளைகள் படத்துக்கு உடுத்திக்கொண்டே வந்தார்கள், காரை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் நடந்தோம். தம்பி பிடித்து வைத்திருந்த இடத்தைக் கண்டதும் எனக்கே ஆசை வந்தது. ஒரு வெள்ளைச் சுவர். அதன் அடியில் கிண்ணம்போல ஒரு பள்ளம். குருவி நடந்த தடம்கூட இல்லை. நாங்கள் அந்தப் பள்ளத்தை நோக்கிப் போகிறோம், அப்போது காலுக்குக் கீழே "வூம்" என்று ஒரு சத்தம் கேட்டது. நிலம் ஒரு விரல்கடை இறங்கியதுபோல் இருந்தது.

தம்பி பிளேன் போகிறதென்று மேலே பார்த்தான். நானும் என் மனிசனும் அப்படியே நின்றுவிட்டோம். காதால் கேட்கிற சத்தம் வேறு, உள்ளங்காலால் வருகிற சத்தம் வேறு. யாழ்ப்பாணத்தில் அந்த வருடங்களில் இருந்தவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை.

"ஒருத்தரும் முன்னுக்குப் போகாதேங்கோ," என்றாள் ஆரணி. குரல் மாறியிருந்தது. எல்லோரையும் வந்த தடத்திலேயே பின்னுக்கு அனுப்பினாள். சுவர் பார்க்கிற அதே திசையைப் பார்த்தபடி பக்கத்தில் இடுப்புயரத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. முதுகுப்பையில் இருந்து சவல் என்கிற சின்ன மண்வாரியை எடுத்து, காஞ்சிபுரத்தின் கொய்யகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கே வெட்டத் தொடங்கினாள். பனியில் பெட்டி மாதிரி ஒரு தூணை நாலுபக்கமும் பிரித்தெடுத்தாள். அதன் தலையில் சவலை வைத்து, முதலில் மணிக்கட்டால் மெதுவாகத் தட்டினாள். ஒன்றுமில்லை. பிறகு முழங்கையில் இருந்து தட்டினாள். சில தட்டுக்குள் மேல் பாளம் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்து அவள் மடியில் வந்து இருந்தது. ரொட்டி. கீழே சீனி. கையால் அள்ளிக் காட்டினாள், விரலிடுக்கால் உதிர்ந்தது.

"இஞ்ச ஏலாது. கீழ மரக்கரையில எடுப்பம். அங்கயும் வடிவுதான்," என்றாள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறாதது.

படக்காரத் தம்பி, "அக்கா, மரக்கரை நிழல், கலர் எழும்பாது," என்றான். தாய், "இவ்வளவு காசும் நேரமும் செலவழிச்சு வந்தது மரம் பாக்கவே?" என்றார். பிரதீபன், "எத்தினை வீதம் விழும் எண்டு சொல்லு," என்றான். கணக்குக்காரன் அல்லவா. "வீதம் சொல்லேலாது பிரதீபன், ஆனால் இது எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுது," என்று அவள் சொல்ல, "அப்ப உனக்கே தெரியாது," என்றான். அவள் ஒரு காரணம் சொன்னால் அதற்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் இன்னொன்று. கடைசியில் என் மனிசனும், வாயில்லாப் பூச்சி, அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தார்.

"பிள்ளை, கொஞ்சம் விட்டுக்குடனம்மா. ஒரு அஞ்சு நிமிசம்."

"அப்பா, அந்தச் சுவருக்கு அஞ்சு நிமிசம் எண்டால் என்னெண்டு தெரியாது," என்றாள்.

நான் சொன்னேன்: "பிள்ளை ஏலாது எண்டுது. வாங்கோ போவம்." தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கலியாணப் பட்டைக் கட்டிக்கொண்டு நிண்டு சாவு கதைக்கிது உங்கட பிள்ளை. நீங்களும் சேந்து கதைக்கிறியள். இது நல்லதுக்கில்லைச் சம்மந்தி," என்றார்.

அதோடு பிரதீபன் கிளம்பினான். "சரி, ஒருத்தரும் வரவேண்டாம். நான் போய்க் காட்டுறன்."

ஆரணி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவளிடம் பீப்பர் என்று சின்னப் பெட்டி இரண்டு இருக்கும், பனிக்குள் புதைந்த ஆளின் கழுத்தில் இருப்பது எங்கே என்று வெளியே நிற்பவரின் பெட்டி சத்தம் காட்டும். ஒன்றைத் தன் கழுத்தில் இருந்து கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். அவன் சிரித்தான்.

"என்ன ஆரணி, தாலி நான் எல்லோ கட்டவேணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி, படத்தில் தெரியும் என்று சொல்லித் தம்பியின் கமராக் காலில் கொழுவிவிட்டான். கொழுவிவிட்டு நடந்தான்.

என் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? அழவில்லை. கத்தவில்லை. பள்ளத்துக்கு வெளியே பாதுகாப்பான ஓரத்தில் போய் நின்றாள். பையில் இருந்து, புதைந்த ஆளைக் குத்தித் தேடுகிற மடக்குக் குச்சியை எடுத்து ஒரே உதறலில் நீட்டி முன்னால் குத்தினாள். சவலைக் கையில் பிடித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தான் கட்டப்போகிறவனை எந்த இடத்தில் தோண்டவேண்டி வருமென்று கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒவ்வொரு அடி வைக்கவும் அவளுடைய உதடு அசைந்தது. தேவாரமில்லை. அவன் நிற்கிற இடத்தை ஒரு பாறையோடும் ஒரு மரத்தோடும் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தாள், பிறகுதான் கேட்டறிந்தேன்.

அவன் பள்ளத்தின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தான். ட்ரோன் மேலே இரைந்தது. திரும்பி நடந்து வந்தான், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியே? ஒண்டும் விழேல்லை."

4

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாருடைய போனுக்கும் போனதுதானே. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நீலக் குர்தாவில் ஒற்றை மாப்பிள்ளை, கையை விரித்துக்கொண்டு. நல்ல படம்தான். முழுப்படத்தையும் நான் பார்த்தேன். கீழ் மூலையில் ஒரு சிவப்புச் சேலைப் புள்ளி இருக்கிறது. மற்றவர்களுக்கு அனுப்பும்போது அந்த மூலையை வெட்டிவிட்டார்கள்.

கப்பலில் திரும்பி வரும்போதே தாய் எங்களோடு கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் ரெலிபோன். ஆரணி தன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், பட்டோடு நின்று சாவைக் கூப்பிட்டதற்குக் கோயிலில் ஒரு அர்ச்சனையும் செய்யவேண்டும். அப்படியென்றால் மேற்கொண்டு நடக்கும். பிரதீபனும் எடுத்தான்.

"ஒரு சொறிதானே ஆரணி, அம்மாவுக்காகச் சொல்லிவிடன். கடைசியில ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"விழுந்திருந்தால் நான் உன்னைத் தோண்டியிருப்பன், பிரதீபன். பீப்பர் இல்லாமல், குச்சியால குத்திக் குத்தி. நீ அதைக் கொழுவிப்போட்டுப் போனாய்," என்றாள். பிறகு டேனிஷில், "நை" என்றாள். அவ்வளவுதான். கலியாணம் நின்றது அந்தச் சொல்லோடு. பனிக்குப் பயந்து இல்லை, சாமத்தியவீட்டில் கேட்ட மனிசிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

எழுத்துக்கு, அதுதான் கலியாணப் பதிவுக்கு, நகரசபையான கொம்யூனில் நாள் எடுத்து வைத்திருந்தோம். கலியாணம் செய்ய இந்த நாட்டில் எத்தனை கடதாசி! நான் பிறந்த பதிவு என்னுடைய ஊரில் எரிந்துபோனதென்று சொல்லி நம்பவைக்க அந்தக் காலத்தில் எனக்கு ஒரு வருடம் எடுத்தது. முப்பது வருடம் கதைத்தும் கொம்யூனுக்குப் போனால் என் டேனிஷ் தடக்கும், கவுண்டரில் இருக்கிற பெட்டை நான் சொல்வதைத் தானே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாள். நாளை ரத்துச் செய்யவும் அதே அலைச்சல் என்று நினைத்தேன். ஆரணி கணினியில் இரண்டு தரம் தட்டினாள், ரத்தானது. ஏன் என்று அது கேட்கவில்லை. எங்கள் சனம் கேட்டது, இன்னும் கேட்கிறது.

ஊரில், சண்டைக் காலத்தில், எங்கள் வீட்டு ஒழுங்கையில் தங்கமக்கா என்று ஒருவர் இருந்தார். ஹெலியின் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருக்கிறதை அப்படியே விட்டுவிட்டுப் பங்கருக்குள் இறங்கிவிடுவார். மற்றவர்கள் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, இது எங்களுக்கு இல்லை, அங்கால் போகுது என்று விளக்கம் சொல்வார்கள். அவருக்குப் "பங்கர் தங்கம்" என்று பட்டம். எங்கள் ஒழுங்கையில் கடைசிவரை ஒரு குண்டும் ஒரு செல்லும் விழவில்லை. ஆகவே அந்தப் பட்டம் அவருடைய செத்தவீட்டிலும் இருந்தது, யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்களாம். விழுந்த ஒழுங்கைகளில் இருந்தவர்களைக் கேட்கவேண்டும், தங்கமக்கா பயந்தவரா இல்லையா என்று.

சரியான முடிவு எடுத்தவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பிழையான முடிவு எடுத்துத் தப்பினவனுக்குப் படம் இருக்கும். இதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

5

சாமத்தியவீட்டில் இருந்து வந்த அன்றே ஆரணிக்கு எடுத்தேன். அடுத்த கிழமை ஏழாம் வாரம். அவள் டேனிஷ் கூட்டாளிகள் நாலு பேரோடு மலைக்குப் போக இருந்தாள்.

"நானும் வாறன்."

"அம்மா, உங்களுக்கு ஐம்பத்தாறு வயசு," என்றாள். "உங்கட முதுகு."

"முதுகு என்ர. வாறன்."

என் மனிசன், "உமக்கென்ன விசரே?" என்றார். நீங்கள் அன்றைக்கு விட்டுக்குடு எண்டு சொன்னதுக்கு நான் போய்ப் பாத்திட்டு வாறன் என்றேன். அவர் போய் எனக்கு இரண்டு சோடி கம்பளிக் காலுறை வாங்கிக்கொண்டு வந்து தந்தார்.

கூட்டாளிகளுக்கு ஆரணி என்ன சொன்னாளோ தெரியாது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு ஏறக்கூடிய ஒரு சாதுவான வழியைத் தெரிந்தெடுத்தார்கள். காலில் கட்ட டெனிஸ் மட்டை மாதிரி அகலமான பனிச்சப்பாத்து. விடிய, வெளிக்கிட முதல், மத்தியாஸ் என்கிற நெடுவல் ஒருவன் முன்னால் நின்றான். ஒவ்வொருவராக அவனைக் கடந்து போக அவரவர் பீப்பர் சத்தம் போடுகிறதா என்று பார்த்தான். என் கழுத்தில் ஆரணிதான் மாட்டிவிட்டாள். வாரை இழுத்து, முடிந்து, ஜக்கட்டுக்குள் தள்ளி, மேலே தட்டிவிட்டாள். போன வருடம் கமராக் காலில் தொங்கிய அதே பெட்டி.

அன்றைக்கு மலை அறிவிப்பில் இரண்டு போட்டிருந்தது. பழைய புத்தியில், இரண்டு என்றால் பெயில் என்று நினைத்தேன்.

நாலு மணித்தியாலம் நடந்திருப்போம். நான் மூச்சு வாங்கினால் எல்லோரும் நிற்பார்கள், கோப்பி குடிப்பார்கள். நான் கொண்டுபோன மீன் ரோல்சைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு ஒரு சரிவைக் குறுக்காகக் கடக்கவேண்டி வந்தது. பெரிய சரிவில்லை. மத்தியாஸ் கோலைப் படுக்கப்போட்டு அளந்து பார்த்தான், மற்றவர்களும் பார்த்தார்கள், போகலாம் போலத்தான் இருந்தது. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடப்பதென்று பேசிக்கொண்டார்கள். ஆரணியும் தலையாட்டினாள்.

நான் அந்தச் சரிவைப் பார்த்தேன். காற்று நின்றிருந்தது. காலுக்குக் கீழே பனி ஏதோ ஒரு மாதிரி, வெறும் பானையைத் தட்டினாற்போல் இருந்தது. அல்லது அப்படி எனக்குத்தான் இருந்தது. சீனியோ ரொட்டியோ எனக்குத் தெரியாது. பாகை தெரியாது. என் வயிறு வேண்டாம் என்றது. அவ்வளவுதான்.

சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த ஆட்கள் என்னால் ஏற்கெனவே பாதி வேகத்தில் வந்திருக்கிறார்கள். ஒரு வயதுபோன தமிழ் மனிசி, பனியைக் குளிர்சாதனப் பெட்டியில் பார்த்தே பெரிய ஆளானவள், எனக்கு இதில் என்ன கதை? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். மத்தியாஸ் முதல் அடி வைக்கக் காலைத் தூக்கினான்.

"நை," என்றேன்.

என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. மத்தியாஸ் தூக்கிய காலைப் பின்னுக்கு வைத்தான். திரும்பிப் பார்த்தான்.

"ஓகே," என்றான். "திரும்புவோம்."

அவ்வளவுதான். மற்ற மூன்று பேரும் அப்படியே திரும்பினார்கள். ஒருவன் சப்பாத்து வாரை இறுக்கினான். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஒருவரும் பெருமூச்சு விடவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் டேனிஷில் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்: காற்று, பானை, கால், எல்லாச் சொல்லும் தடக்கியது. மத்தியாஸ் என்னைக் கடந்து முன்னால் போகும்போது சொன்னான், "நீங்கள் சொல்லத் தேவையில்லை."

எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டில் சொன்னேன், ஒருவரும் திரும்பவில்லை. வேலையில் முதுகு ஏலாது என்று சொன்னேன், கடதாசி கேட்டார்கள். போன வருடம் என் பிள்ளை குழி வெட்டி, தூணைப் பிரித்து, சீனியை அள்ளிக் காட்டிச் சொன்னாள், அதற்குக் கணக்குக் கேட்டார்கள். இங்கே நான் ஒன்றும் தெரியாமல் ஒரு சொல் சொல்ல, ஐந்து பேர் திரும்பி நடக்கிறார்கள். இவ்வளவு லேசான காரியமா இது? இதைச் செய்யவா எங்கள் சனத்துக்கு முடியவில்லை? பனிக்குள் கோலைக் குத்திக் குத்தி நடந்தேன். ஆரணி பின்னால் வந்தாள். கொஞ்சத் தூரம் போய் என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே தமிழில், "எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது அம்மா, நான் சொல்லேல்லை," என்றாள்.

கீழே வந்து நாங்கள் தங்கியிருந்த மரவீட்டு வாசலில் இருந்து மிச்ச ரோல்சைச் சாப்பிட்டோம். அங்கிருந்து பார்த்தால் அந்தச் சரிவு முழுதாகத் தெரியும். இருட்டும் வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் விழவில்லை. ஆறு பேரும் வீட்டுக்கு வந்தோம்.